வெயில் விழும் பக்கம்: லாங்கே குன்றுகளில் சைக்கிள்

திங்கள், ஆல்பா

இத்தாலியில் ஒயின் ஊர்களைச் சைக்கிளில் சுற்றப்போகிறேன் என்று சொன்னாலே எல்லோரும் "டஸ்கனியா?" என்றுதான் கேட்கிறார்கள். இல்லை. இது வடமேற்கு மூலை, பியெமோன்தே மாநிலம், துரினுக்குத் தெற்கே இருக்கும் லாங்கே. நடுவில் ஆல்பா என்ற சிறு நகரம், அதை ஒட்டித் தனாரோ ஆறு, தெற்கே பார்த்தால் வரிசை வரிசையாகக் குன்றுகள், அனேகமாக ஒவ்வொரு குன்றின் தலையிலும் ஒரு கிராமமும் ஒரு கோபுரமும். பரோலோ, பார்பரெஸ்கோ என்ற இரண்டு பெரிய சிவப்பு ஒயின்களும் இங்கேதான் பிறக்கின்றன. பக்கத்திலிருக்கும் ரொயேரோ, மொன்ஃபெர்ராத்தோ பகுதிகளையும் சேர்த்து 2014இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏற்றியது. இத்தாலிக்கு அது ஐம்பதாவது இடம்.

துணைக்கு மாமா. அம்மாவின் தம்பி, துரினில் பல வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ஒரு சொட்டு மது தொட மாட்டார். ஒயின் தேசத்துக்கு இதைவிட நல்ல துணை கிடைக்காது. சைக்கிள்களை இங்கேயே வாடகைக்கு எடுத்தோம். எனக்கு ரோடு பைக், 28 மி.மீ. டயர், முன்னால் 50, 34 பல் சக்கரங்கள், பின்னால் ஏற்றத்தில் லேசாக மிதிக்க 34 பல் வரைக்கும் போகும் காசெட் (பல்சக்கர அடுக்கு). மாமா நேரே இ-பைக் பக்கம் போய்விட்டார். "முட்டி என்னோடது மாப்ளே, அதுக்கு நான்தான் பதில் சொல்லணும்."

அந்த 34 பல் ஆடம்பரமில்லை. ஆல்ப்ஸ் மாதிரி ஒரே மூச்சில் இருபது கிலோமீட்டர் ஏறும் சாலை இங்கே கிடையாது. மூன்று கிலோமீட்டர் ஏறு, இரண்டு இறங்கு, ஆற்றோரத்தில் ஒரு பாலம், மறுபடி நான்கு ஏறு. உடம்பு ஒரு தாளத்துக்கு வருவதற்குள் ஏற்றம் முடிந்துவிடும், இறக்கத்தில் வியர்வை குளிர்ந்து கால் இறுகிவிடும், அப்போது பார்த்து அடுத்த ஏற்றம் வரும். நீண்ட ஏற்றத்தைவிட இதுதான் ஆளை அதிகம் அடிக்கிறது என்பது என் கட்சி.

செவ்வாய், பார்பரெஸ்கோ – நேய்வே – ட்ரெய்சோ

முப்பது கிலோமீட்டரை ஒட்டிய சிறிய வட்டம். ஆல்பாவைத் தாண்டியதுமே சாலை ஏறத் தொடங்குகிறது, பத்து நிமிடத்தில் இரண்டு பக்கமும் திராட்சைக் கொடி. அக்டோபர் தொடக்கம், பரோலோவும் பார்பரெஸ்கோவும் செய்யும் நெப்பியோலோ திராட்சையின் அறுவடை நேரம். இங்கே கடைசியாகப் பழுக்கும் திராட்சைகளில் அது ஒன்று. தோல்செத்தோ, பார்பேரா என்ற மற்ற திராட்சைகளை வெட்டி முடித்த வரிசைகளில் இலை மட்டும் நிற்க, நெப்பியோலோ வரிசைகளில் இன்னும் கறுநீலக் குலை தொங்குகிறது. சரிவு அப்படி என்பதால் எல்லாம் கையால் பறிப்புதான். குறுகலான டிராக்டர்கள் சிவப்புக் கூடைகளை ஏற்றிக்கொண்டு வளைவுகளில் எதிரே வருகின்றன. அவை விட்டுப்போகும் சேறும் நசுங்கிய பழமும் ரோட்டில் ஒட்டிக்கிடக்கும், வளைவில் அதன் மேல் பிரேக் பிடிக்கக் கூடாது.

பார்பரெஸ்கோ ஒரே ஒரு தெரு, அதன் முடிவில் ஒரு பெரிய சதுரக் கோபுரம், கோபுரத்துக்குக் கீழே செங்குத்தாகத் தனாரோ. கோபுரத்துக்கு லிஃப்ட் போட்டிருக்கிறார்கள். மாமாவுக்கு அதில் பரம திருப்தி. வழிபாடு நின்றுபோன சான் தொனாத்தோ தேவாலயத்துக்குள் இப்போது ஊர் ஒயின்களை வைத்து ஊற்றித் தருகிறார்கள். பலிபீடம் இருந்த பக்கமாகப் பாட்டில் அடுக்கு. மாமா செருப்பைக் கழற்றலாமா என்று ஒரு நொடி யோசித்தார்.

இந்த ஊரின் கதை எனக்குப் பிடித்தது. முன்பெல்லாம் இங்கே விளைந்த நெப்பியோலோ பரோலோ பக்கம் விலைபோய்விடும், இந்த ஊர்ப் பெயருக்கு மதிப்பில்லை. ஆல்பாவில் இருந்த ஒயின் பள்ளியின் முதல் தலைவர் தொமீத்சியோ கவாத்சா 1894இல் விவசாயிகளைச் சேர்த்து ஒரு கூட்டுறவு தொடங்கினார். பாசிச ஆட்சியில் அது மூடப்பட்டது. பிறகு 1958இல் ஊர்ப் பாதிரியார் பத்தொன்பது சிறு விவசாயிகளைச் சேர்த்து மறுபடி தொடங்கினார், முதல் சில வருடங்கள் ஒயின் செய்ததே தேவாலயத்தின் அடியில்தான். அந்தக் கூட்டுறவு இன்றும் நடக்கிறது, நல்ல ஒயினும் தருகிறது.

2024 டூர் டி ஃபிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தின் மூன்றாம் நாள் இந்த ஏற்றத்தின் வழியாகத்தான் துரினுக்குப் போனது. அன்று ஜெயித்தவர் எரித்ரியாவின் பினியம் கிர்மாய், டூரில் ஒரு நாள் போட்டியை வென்ற முதல் கறுப்பின ஆப்பிரிக்கர். சாலையில் அடித்த பெயிண்ட் ஏதாவது மிச்சமிருக்குமா என்று தேடிக்கொண்டே ஏறினேன். இல்லை.

நேய்வே அழகான ஊர், கல் பாவிய தெருக்கள் சுழன்று சுழன்று ஏறுகின்றன, ஒரு காபி, ஒரு பாட்டில் தண்ணீர், கிளம்பிவிட்டோம். ட்ரெய்சோவில் நின்றது வேறு காரணத்துக்காக. ஊருக்குப் பக்கத்திலேயே நிலம் பிளந்து ஒரு பெரிய பள்ளம், சாம்பல் நிற மண் சுவர்கள் வரிவரியாகத் தெரிகின்றன. சாமி ஊர்வலம் போகும்போது ஏழு சகோதரர்கள் கேலி பேசியதால் பூமி அவர்களை விழுங்கியதாம். கதை கிடக்கட்டும், அந்தச் சுவரைப் பார்த்தால் லாங்கே முழுவதும் எதனால் ஆனது என்று புரிகிறது. கடலுக்கு அடியில் படிந்த சுண்ணாம்புக் களிமண்ணும் மணலும். கடல் போய், ஆறு குறுக்கே அறுத்து, இந்தக் கூரான முகடுகள் மிஞ்சியிருக்கின்றன. சாலைகள் ஏன் முகட்டு வழியாகவே ஓடுகின்றன என்பதற்கும் அதுதான் பதில். சரிவில் போட்டால் மண் வழுக்கிவிடும்.

புதன், கிரின்சானே கவூர் – பரோலோ – லா மோர்ரா

இன்றுதான் உண்மையான நாள்.

கிரின்சானே கோட்டையை வெளியிலிருந்து பார்த்ததோடு சரி. பின்னாளில் ஒன்றுபட்ட இத்தாலியின் முதல் பிரதமரான கமில்லோ கவூர், 1832 முதல் 1849 வரை இந்தக் குட்டி ஊருக்கு மேயராக இருந்தவர். தலைவர் ஆகுமுன் பதினேழு வருடம் திராட்சைத் தோட்டக் கணக்குப் பார்த்திருக்கிறார்.

கஸ்தில்யோனே ஃபல்லெத்தோ வரை ஏறி நின்று சுற்றிப் பார்த்தபோது ஒரு விஷயம் கண்ணில் பட்டது, அப்புறம் பயணம் முழுக்க அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். தெற்கும் தென்மேற்கும் பார்த்த சரிவு என்றால் ஓர் அடி விடாமல் நெப்பியோலோ. அதே குன்றின் பின்பக்கம், வடக்கு பார்த்த சரிவு என்றால் ஹேசல்நட் மரமோ காடோ. பள்ளத்தாக்கின் அடியில் புல். பரோலோ என்று பெயர் போட வேண்டுமானால் வடக்குச் சரிவில் புதிதாக நட விதிமுறையே இடம் தராது. பள்ளத்தாக்கின் ஈரத் தரையும் ஆகாது. சைக்கிளில் வந்தால் இதை யாரும் சொல்லித்தர வேண்டாம். வெயிலில் முதுகு எரிய ஏறும்போது பக்கத்தில் திராட்சை, வளைவு திரும்பி நிழலும் குளிரும் வந்ததும் ஹேசல்நட். கண்ணை மூடிக்கொண்டு ஏறினாலும் எது என்று தோல் சொல்லிவிடும். (மூடாதீர்கள், டிராக்டர் வரும்.) வெயில் விழும் பக்கத்தின் நல்ல தோட்டம் ஒரு ஹெக்டேர் பத்து லட்சம் யூரோவைச் சர்வசாதாரணமாகத் தாண்டுகிறது. நூறு மீட்டர் தள்ளி, நிழல் பக்கத்துக்கு அந்த விலையில் ஒரு சிறு துண்டுகூடக் கிடையாது.

பரோலோ கிராமம் மற்ற ஊர்களைப் போல உச்சியில் இல்லை, குன்றுகளுக்கு நடுவே ஒரு மேட்டில், 300 மீட்டர் உயரத்தில் ஒளிந்திருக்கிறது. கோட்டையில் 2010 முதல் ஒயின் அருங்காட்சியகம், ஊருக்குள் இன்னொரு பக்கம் கார்க் திருகிகளுக்கென்றே ஓர் அருங்காட்சியகம். தெருவில் ஒயின் கடையைத் தவிர வேறு கடையைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அழகுதான், ஆனால் ரொட்டி வாங்க இந்த ஊர்க்காரர்கள் எங்கே போகிறார்கள் என்ற கேள்வி போகவில்லை. கோட்டையின் கடைசி எஜமானி ஜூலியா கொல்பெர்ட், பிரான்சில் பிறந்து ஃபல்லெத்தி குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டவர். பரோலோ ஒயினின் பெயரோடு அவர் பெயரை எல்லோரும் சேர்த்துச் சொல்கிறார்கள். துரின் சிறைகளில் பெண் கைதிகளுக்காக அவர் செய்த வேலையைச் சுவைத்துப் பார்க்கும் மேசையில் யாரும் சொல்வதில்லை, மாமாதான் சொன்னார்.

ஒயின் சுவைப்பு பற்றி ஒரு நடைமுறை விஷயம். இத்தாலியில் குடித்துவிட்டு ஓட்டும் சட்டம் சைக்கிளுக்கும் பொருந்தும், வரம்பு லிட்டர் ரத்தத்துக்கு 0.5 கிராம். அதனால் வாயில் சுழற்றித் துப்புவதுதான் ஒரே வழி, துப்பக் கிண்ணம் வைத்திருப்பார்கள், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். நெப்பியோலோவின் நிறத்தைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. வெளிர் சிவப்பு, பார்த்தால் மென்மையாக இருக்கும் போலத் தோன்றும். வாயில் வைத்தால் ஈறு வரைக்கும் துவர்ப்பு பிடித்து இழுக்கிறது. அதை அடக்கத்தான் பரோலோவுக்குக் குறைந்தது 38 மாதம் காத்திருக்கவேண்டும், அதில் 18 மாதம் மரப்பீப்பாயில். பார்பரெஸ்கோவுக்கு 26 மாதம் போதும். மாமா தண்ணீர் கிளாஸை வெளிச்சத்துக்குக் காட்டி, மோந்து பார்த்து, "நல்ல வருஷம்" என்றார். ஊற்றிக்கொடுத்த பெண்மணி சிரித்துவிட்டு அவருக்குத் திராட்சைச் சாறு எடுத்து வந்தார்.

பரோலோவிலிருந்து லா மோர்ரா, 200 மீட்டருக்கு மேல் ஏற்றம், சில இடங்களில் மீட்டர் 9 சதவீதம் காட்டியது. மாமா ‘டர்போ’வில் போட்டுக்கொண்டு விசிலடித்தபடி போய்விட்டார். நடுவில் புருனாத்தே தோட்டத்துக்குள் திரும்பினால் ஒரு குட்டிக் கோயில், சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று சுவரெல்லாம் பட்டை பட்டையாக வண்ணம். 1914இல் தோட்ட வேலைக்காரர்கள் மழைக்கு ஒதுங்கக் கட்டியது, கடைசி வரை முறைப்படி அர்ச்சிக்கப்படவில்லை, அதனால் அங்கே பூசையும் நடந்ததில்லை. இடிந்து கிடந்ததை 1999இல் ஓவியக் கலைஞர்கள் இருவர், சால் லெவிட் வெளியேயும் டேவிட் டிரெம்லெட் உள்ளேயும் வண்ணம் தீட்டிக் கொடுத்தார்கள். படத்தில் பார்த்தபோது கண்ணை உறுத்தும் என்று நினைத்தேன். நேரில் பழுத்த இலைகளுக்கு நடுவே அது அங்கேயே முளைத்தது மாதிரி பொருந்தி நிற்கிறது.

லா மோர்ரா, 513 மீட்டர். சதுக்கத்தின் விளிம்பில் நின்றால் காலை முதல் ஏறிய ஊர் எல்லாம் கீழே. இந்தச் சரிவில்தான் 1980களில் அப்பனுக்கும் பிள்ளைக்கும் பெரிய சண்டை நடந்தது. எலியோ அல்தாரே என்ற இளைஞர், புதிய சிறு பிரெஞ்சுப் பீப்பாய்தான் வேண்டும் என்று அப்பாவின் பழைய பெரிய பீப்பாய்களை ரம்பத்தால் அறுத்துப் போட்டார். அப்பா சொத்தில்லை என்று எழுதிவிட்டார். உலகச் சந்தையைப் பிடித்தது அந்தத் தலைமுறைதான், ஆனால் இன்று பலரும் பெரிய பீப்பாய்க்கே திரும்பிவிட்டார்கள். நான் சுவைத்தவற்றில் எனக்குப் பிடித்ததும் பெரிய பீப்பாய் ஒயின்தான், மரவாசனை மேலே ஏறி உட்காராமல் இருந்தது.

2014 ஜீரோ டி இத்தாலியா சைக்கிள் பந்தயத்தில் பார்பரெஸ்கோவிலிருந்து பரோலோவுக்கு 41.9 கிலோமீட்டர் தனிநபர் போட்டி வைத்தார்கள். கொலம்பியாவின் ரிகோபெர்தோ உரான் அதை 57 நிமிடச் சொச்சத்தில் முடித்து முன்னணி வீரருக்கான இளஞ்சிவப்புச் சட்டையையும் வாங்கினார். நாங்கள் அந்த இரண்டு ஊருக்கும் தலா ஒரு நாள் ஒதுக்கியிருக்கிறோம்.

வியாழன், மழை

சைக்கிள் இல்லை. ஆல்பாவில் ஈரக் காற்றில் கொக்கோவும் வறுத்த ஹேசல்நட்டும் மணக்கிறது, ஃபெர்ரேரோ சாக்லேட் ஆலை இங்கேதான். போருக்குப் பிறகு கொக்கோ கிடைக்காத நேரத்தில், மலிவாகக் கிடைத்த உள்ளூர் ஹேசல்நட்டை அரைத்துச் சேர்த்ததுதான் தொடக்கம். 1946இல் நிறுவனம், 1964இல் ரொட்டியில் தடவும் நுடெல்லா. நிழல் பக்கத்து மரத்துக்கும் ஒரு காலம் வந்தது என்று வைத்துக்கொள்ளலாம். மலை ஊர்களுக்குப் பஸ் விட்டு ஆட்களை ஆலைக்கு அழைத்து வந்து, வேலை முடிந்ததும் திரும்பக் கொண்டுபோய் விட்டதால் பலர் நிலத்தை விற்காமல் தப்பித்தார்கள் என்கிறார்கள்.

நகர மண்டபத்துப் பக்கம் போனால் 1944. அக்டோபர் 10ஆம் தேதி பார்டிசான் என்ற பாசிச எதிர்ப்புப் போராளிகள் இந்த ஊரைப் பாசிஸ்டுகளிடமிருந்து பிடித்து, நவம்பர் 2 வரை தாங்களே ஆண்டார்கள். இருபத்து மூன்று நாள். பிறகு மழையிலேயே ஊர் மறுபடி கைமாறியது.

மண்ணுக்கடியில் விளையும் காளானான வெள்ளை டிரஃபிள் விற்கும் கடையில் வாசனை பார்க்க மட்டும் காசு வாங்குவதில்லை. கிலோ பல ஆயிரம் யூரோ. பன்றியை வைத்துத் தேடுவது இத்தாலியில் தடை, நாய்தான் தோண்டித் தரும். மதியம் தாயரின், முட்டை மஞ்சள் கரு நிறையப் போட்டுப் பிசைந்த மெல்லிய பாஸ்தா, மேலே வெண்ணெய் மட்டும். டிரஃபிள் சீவிப் போடட்டுமா என்று கேட்டார்கள், விலையைக் கேட்டுவிட்டு மாமா, "வெண்ணெயே நல்லா இருக்கும்மா" என்று தமிழிலேயே சொல்லிவிட்டார்.

வெள்ளி, சேர்ராலுங்கா – மொன்ஃபோர்தே

மழை விட்டு, பள்ளத்தாக்கில் மூடுபனி, நூறு மீட்டர் ஏறியதும் வெயில். வழியில் ஃபொன்தனாஃப்ரெத்தா தோட்டம், மன்னர் இரண்டாம் வித்தோரியோ இமானுவேலே தன் காதலி ரோசா வெர்செல்லானாவுக்குக் கொடுத்தது. அவர் ஒரு சிப்பாயின் மகள். மன்னர் கடைசியில் மணந்துகொண்டார், ஆனால் ராணிப் பட்டம் இல்லாமல்.

சேர்ராலுங்கா கோட்டை பதினான்காம் நூற்றாண்டின் நடுவில் கட்டியது, ஒல்லியாக, நெட்டையாக, யாரும் பின்னால் வந்து அரண்மனை ஆக்காமல் அப்படியே விட்டுவைத்தது. இதுவரை பார்த்த கோட்டைகளில் இதுதான் எனக்குப் பிடித்தது. வரிசைகளுக்கிடையே பறிப்பவர்கள் பேசுவது இத்தாலிய மொழி அல்ல. மாசிடோனியாவிலிருந்தும் ஆப்பிரிக்க நாடுகளிலிருந்தும் வந்தவர்கள் நிறைய. பாட்டில் சீட்டில் அரசரும் சீமாட்டியும் இருப்பார்கள், இவர்கள் இருக்க மாட்டார்கள். ஒருவர் ஒரு குலையை எட்டி நீட்டினார். தோல் தடிமன், விதை கசப்பு, நடுவில் அசாத்தியத் தித்திப்பு.

மறுபக்கம் இறங்கி மொன்ஃபோர்தேக்கு ஏறினோம், மேல் ஊருக்குப் போகும் கற்சந்தில் இறங்கித் தள்ளவேண்டியதாயிற்று. 1028ஆம் ஆண்டு வாக்கில் இங்கே கோட்டையிலிருந்த ஒரு குழுவை மதவிரோதிகள் என்று மிலானுக்குப் பிடித்துக்கொண்டுபோய், சிலுவையா தீயா என்று கேட்டார்கள். பலர் தீயைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த மேட்டில் இப்போது புல் படிக்கட்டுகளோடு ஒரு திறந்தவெளி அரங்கம், கோடையில் கச்சேரி. நாங்கள் அங்கே உட்கார்ந்து வாழைப்பழம் சாப்பிட்டோம்.

சனி, மேல் லாங்கே

மொன்ஃபோர்தேயிலிருந்து தோல்யானிக்கு இறக்கம், அங்கிருந்து முராத்சானோவுக்கு இந்தப் பயணத்தின் ஒரே நீண்ட ஏற்றம், பன்னிரண்டு கிலோமீட்டரை ஒட்டி. சரிவு மிதமானது, கடைசியில் ஒரு தாளம் கிடைத்தது. தோல்யானி தோல்செத்தோவின் ஊர். இத்தாலியக் குடியரசின் ஜனாதிபதியாக 1948 முதல் 1955 வரை இருந்த லூயிஜி எய்னாவ்தி இங்கேதான் திராட்சை வளர்த்தார்.

ஏற ஏறத் திராட்சை குறைகிறது. 500 மீட்டருக்கு மேலே ஹேசல்நட், பிறகு புல்வெளி, காடு, கற்சுவர் வைத்த பழைய படிநிலங்கள் சிலவற்றில் புதர் மண்டிக் கிடக்கின்றன. கீழே சுற்றுலாப் பஸ், இங்கே ஒரு மணி நேரத்தில் நான்கு கார். பல வீடுகளில் ஜன்னல் சாத்தியிருக்கிறது. போருக்குப் பிந்தைய வருடங்களில் இந்த மேட்டு ஊர்களிலிருந்து ஆட்கள் துரின் ஆலைகளுக்குப் போய்க்கொண்டே இருந்தார்கள். கீழே இருந்தவர்களும் அப்போது பணக்காரர்கள் அல்ல, லாங்கே முழுவதுமே ஏழை நிலம்தான். 1986இல் இந்தப் பக்கத்திலிருந்து போன, மெத்தனால் கலந்த மலிவு ஒயினைக் குடித்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அதற்குப் பிறகுதான் அளவைக் குறைத்துத் தரத்தைக் கூட்டு என்ற பேச்சு எல்லார் வீட்டுக்கும் வந்து சேர்ந்தது. இன்றைய விலையெல்லாம் ஒரு தலைமுறைக் கதை. வெயில் என்னவோ அப்போதும் அதே பக்கம்தான் விழுந்துகொண்டிருந்தது.

முராத்சானோவுக்கு இரண்டு கிலோமீட்டர் முன்னால் மாமாவின் பேட்டரி தீர்ந்தது. இருபத்துச் சொச்சம் கிலோ வண்டி, மோட்டார் இல்லாமல், ஏற்றத்தில். நான் வேகத்தைக் குறைத்துப் பக்கத்தில் போனேன்.

"மாமா, தள்ளிக்கிட்டுப் போலாமா?"

"பேசாம மிதி மாப்ளே."

இறங்கவே இல்லை மனிதர். மேலே போய் ஒரு பாரில் சார்ஜருக்கு இடம் கேட்டு, அது ஏறுகிற நேரத்தில் ஊர்ச் சீஸை ஒரு கை பார்த்தோம். முக்கியமாகச் செம்மறியாட்டுப்பால், சின்ன வட்டம், வெள்ளை, லேசான புளிப்பு. 739 மீட்டர், கோபுரத்தடியில் நின்றால் மேற்கே மொன்விசோ மலை, 3841 மீட்டர், கூம்பாகத் தனியே தெரிகிறது.

போஸ்ஸோலாஸ்கோ வரை முகட்டுச் சாலை, இந்தப் பயணத்தில் மிகச் சிறந்த பகுதி இதுதான், ஒயின் எதுவும் இல்லாமலே. வழியில் ஒரு ராட்சத பெஞ்சுக்கு வழிகாட்டி. பி.எம்.டபிள்யூவில் வடிவமைப்புத் தலைவராக இருந்த கிறிஸ் பேங்கிள் 2010இல் பக்கத்து ஊரான கிளவெசானாவில் முதல் சிவப்பு பெஞ்சைப் போட்டார், இப்போது குன்றுக்குக் குன்று ஒன்று. ஏறி உட்கார்ந்தால் கால் தொங்கும், குழந்தை ஆகிவிட்ட மாதிரி இருக்கும். மூன்றாவதைப் பார்க்கும்போது அலுத்துவிட்டது. மாமாவுக்கு அலுக்கவில்லை.

செர்ராவல்லே, மொன்டெலூப்போ, தியானோ வழியாக ஆல்பாவுக்குப் பெரும்பாலும் இறக்கம். 34 பல் காசெட்டைப் பற்றித் திங்கட்கிழமை எழுதியதில் மாற்றமில்லை. பிரேக் கட்டையைக் கிளம்புமுன் பார்த்துக்கொள்ளுங்கள் என்பதை மட்டும் சேர்க்கிறேன், ஏறுவதற்கு ஈடாக இறக்கமும் உண்டு. நாளை சைக்கிளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மதியம் துரின் ரயில். மாமா அந்தச் சீஸில் நான்கு வட்டம் வாங்கி என் பையில் வைத்திருக்கிறார்.